வெயில் தாழ்ந்து போட்ட ஓட்டு

எங்கள் தெருவில் தேர்தல் நாள் என்றால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. அப்பளம் பொரியும், வெங்காய சாம்பார் மணக்கும், சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் ஒரு தூக்கம். ஓட்டுப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: வெயில் தாழட்டும். காலையிலேயே போய் வரிசையில் நிற்பது ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி ஒரு நினைப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், சாயங்காலம் வரை பெட்டி திறந்திருக்கிறது, ஓட்டு எங்கே போய்விடப் போகிறது?

போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு தேர்தல் அது. நான் அப்போது தி. நகரில் ஒரு வட்டாரப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை தி. நகரிலும் மயிலாப்பூரிலும் வீட்டு வாசலில் இலவசமாக விழுகிற பத்திரிகை. தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், எந்த சபாவில் யார் கச்சேரி, எந்தத் தெருவில் சாக்கடை பொங்குகிறது, இதுதான் எங்கள் செய்தி. நிருபரும் நான்தான், பிழை திருத்துவதும் நான்தான். எங்களுக்குச் சோறு போட்டது பாண்டி பஜாரின் புடவைக்கடை விளம்பரங்கள்.

அன்று நானும் எல்லோரையும் போல ஒரு தூக்கம் போட்டுவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புகைப்பட அட்டை அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ரேஷன் கார்டை நீட்டினேன். அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார், நிமிர்ந்தார், உங்கள் ஓட்டுப் போட்டாயிற்றே என்றார். யார் போட்டது என்று கேட்டேன். நீங்கள்தான், காலையிலேயே போட்டுவிட்டீர்கள் என்றார். மை படாத விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். பாவம், அவர் அந்த விரலைப் பார்க்கவேயில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் எங்கள் கேபிள்காரர் இருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மாதா மாதம் எங்கள் மாடிப்படி ஏறிப் பணம் வாங்கிப் போகிறவர். என் மாமியார் கொடுக்கிற மோரைக் குடிக்காமல் ஒருநாளும் இறங்கினதில்லை. எங்கள் டிவியில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. அவரைக் கேளுங்கள், அவருக்கு என்னை நன்றாகத் தெரியும் என்றேன். அதிகாரி திரும்பினார். கேபிள்காரர் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியாது சார்."

ஓட்டுப் போனதைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. இருபதடி தள்ளி நடந்தால் தலையாட்டிச் சிரிக்கிற மனுஷன், ஆப்பிரிக்காவைப் பார்த்துக்கொண்டு என்னைத் தெரியாது என்கிறார்!

பத்திரிகையில் இருந்ததால் ஒரு விதி எனக்குத் தெரியும். நம் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டால், நாம் கேட்டால் தனியாக ஒரு சீட்டுத் தரவேண்டும். சண்டை போட்டேன். அப்பா பெயர், வீட்டு எண், அது இது என்று கேட்டுவிட்டுக் கடைசியில் கொடுத்தார்கள். அதைப் பெட்டியில் போட விட மாட்டார்கள். உறையில் வைத்து ஒட்டிவிடுவார்கள். யாராவது கோர்ட்டுக்குப் போனால் ஒழிய அதை யாரும் பிரிப்பதில்லை. எண்ணிக்கையில் சேராத ஓட்டு. ஆனால் விரலில் வைத்த மை மட்டும் அசல் மை. வாரக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்தால், எதிர்வீட்டு வக்கீல் குடையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். அவர் ஓட்டும் போயிருந்தது. அவருக்குப் பின்னால், தெருக்கோடியில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். அவருடையதும் போயிருந்தது. பத்து வீடு விசாரித்தால் ஏழெட்டு வீட்டில் இதே கதை. யாருக்கும் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. தூங்கிவிட்டு வந்தோமே என்கிற வெட்கம். சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய்க் காபி குடித்தார்கள்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வருஷக்கணக்காகப் படியேறி இறங்குகிறவருக்கு எந்த வீட்டில் எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம் என்று தெரியாதா? காலையில் வர மாட்டார்கள் என்று எங்களைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாங்களும் அவரை ஏமாற்றவில்லை.

அதே வாரம் லண்டனிலிருந்து ஒரு அம்மாள் வந்து அடையாறில் தங்கியிருந்தார். ஒரு நாட்டில் பத்திரிகைகள் பயமில்லாமல் எழுத முடிகிறதா, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து அறிக்கை எழுதுகிற அமைப்பின் ஆள். அவருக்கு மொழிபெயர்க்க எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார். பெரிய பத்திரிகைக்காரர்களை எல்லாம் பார்த்தோம். வழக்குப் போட்டது, ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கியது, விளம்பரம் நின்றது என்று கதை கதையாகச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவரும் முதலில் டேப்பை நிறுத்தச் சொன்னார்கள். ஊரையே கிழிக்கிற எழுத்துக்காரர்கள், ஒரு சின்ன டேப் ரிக்கார்டரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் என் கதையைச் சொன்னேன். டேப் ஓடட்டும் என்றேன். அந்த அம்மாள் நல்லவர், அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: கட்டாயம் அறிக்கையில் சேர்க்கிறேன், ஆனால் உங்கள் பெயர் வேண்டாம், உங்களுக்கு ஆபத்து, சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் வாக்காளர் என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னைத் தெரியாது என்றார். இவர் நல்ல மனசோடு அதையேதான் செய்யப் பார்க்கிறார். எனக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில்தான் ஒரு ஓட்டும் இருந்தது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஆசிரியரிடம் போனேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஆசைக்குப் பத்திரிகை ஆரம்பித்தவர். நல்ல மனுஷர், ஆனால் யார் முகமும் கோணக்கூடாது அவருக்கு. வம்பு என்றால் உடனே வயிற்றில் அல்சர் எழுந்துவிடும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, அந்த அம்மாளே போடட்டும், அங்கே வந்தால் இங்கே பெரிய பத்திரிகைகள் எடுத்துப் போடுவார்கள், நமக்கு எதற்கு என்றார்.

"நம்ம தெருவுல நடந்ததை நம்ம தெருவுக்குச் சொல்றதுக்கு, அது லண்டன் போயிட்டு வரணுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் அல்சர் மருந்தை எடுத்து ஒரு மூடி குடித்தார். யோசித்தார். ஒரு ஆள் சொன்னால் அது புலம்பல், தெருவே பெயரோடு சொன்னால்தான் செய்தி, வியாழக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் பெயர்களைக் கொண்டு வாருங்கள், போடுகிறேன் என்றார். கொண்டுவர முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அது எனக்கும் தெரிந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வக்கீலிடம் முதலில் போனேன். அரசியல் சட்டத்திலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். நான் செய்வது மிகச் சரி என்றார். பெயர் மட்டும் வேண்டாமே என்று முடித்தார். பாட்டு டீச்சர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரில் பெயர் வந்தால் பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற வீடுகளில் பேசுகிறபோதே எல்லார் கண்ணும் டிவி மேல். ஷார்ஜாவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கேபிள்காரரைப் பகைத்துக்கொள்ள இதுவா நேரம்? என் வீட்டுக்காரரே அப்படித்தான் கேட்டார். எங்கள் தெருவின் துணிச்சல் மொத்தமும் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஓடுகிற அந்தக் கறுப்பு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கேபிள்காரர் வந்தார். பணம் வாங்குகிற தேதி அல்ல. கூடத்தில் உட்கார்ந்தார். என் மாமியார் பழக்க தோஷத்தில் மோரைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். அவர் சாவகாசமாக ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாம்மா, வூடு வூடாப் போயி பேர் கேட்டுகினு கீறீங்களாமே. ஒங்க ஓட்டு வீணாவா போச்சு? பத்திரமா போட்டுட்டோம்ல. வெயில்ல நிக்கிற வேல மிச்சம்."

சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒளிவுமறைவே இல்லை.

"பூத்ல என்னைத் தெரியாதுன்னீங்க. தெரியாதவங்க வீட்டுல என்ன மோர்? டம்ளரைக் கீழே வைங்க."

என் மாமியார் திடுக்கிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்தவரை மோர் டம்ளரைக் கீழே வை என்று யாரும் அந்தக் கூடத்தில் சொன்னதில்லை. கேபிள்காரர் வைத்தார். அப்புறம் எழுந்து, இனி இந்த வீட்டுக்குக் கேபிள் கிடையாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் கீழ்வீட்டிலிருந்து ஒரு பெண் மேலே வந்தாள். புதிதாகக் குடிவந்தவர்கள், திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவருக்கு ரங்கநாதன் தெருப் பக்கத்தில் பாத்திரக்கடை. எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்க விளம்பரமே அந்தக் கடைதான். இழப்பதற்கு எங்கள் எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம் என்று நானாக முடிவு செய்து அவளிடம் கேட்காமலே விட்டிருந்தேன்.

"ஊரெல்லாம் கேக்கிய, எங்கிட்ட ஏன்க்கா கேக்கல? எனக்கும்தான் ஓட்டு போச்சு."

கடைக்கு ஏதாவது தொந்தரவு வருமே என்றேன்.

"கடை அவுகளுது. ஓட்டு என்னுது. எழுதுங்க."

இதைவிடச் சுருக்கமாகப் பேச்சுரிமையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அடையாறு அம்மாளின் டேப்பில் இதைப் பதிந்திருக்க வேண்டும். முந்தைய இரவு தனக்குத் தூக்கமில்லை என்று கீழ்வீட்டுக்காரி பிறகு சொன்னாள், கணவரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறாள்.

இரண்டு பெயர் ஆயிற்று. தெரு ஆகவில்லை. புதன்கிழமை மத்தியானம் நான் பாதி நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்தபோது மொட்டைமாடியில் காலடிச் சத்தம் கேட்டது. கேபிள்காரர் எங்கள் இணைப்பைத் துண்டிக்க ஓர் ஆளை அனுப்பியிருந்தார். கேபிள் ஒயர் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டு மாடிக்கு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் இறங்கும். வந்த ஆள் மெல்லியதை வெட்டியிருக்க வேண்டும். மகராசன், தடித்ததை வெட்டிவிட்டான். எங்கள் வீட்டைத் தாண்டிக் கோயில் பக்கம் வரைக்கும் அத்தனை வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் புள்ளிப் புள்ளியாகப் பொரிந்தது. ஷார்ஜாவில் நம் ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு மொத்தமும் பால்கனிக்கு வந்தது. யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்பது மாடிக்கு மாடி பறந்தது. வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"மேட்ச்ல கை வைக்கற அளவுக்கு வந்துட்டானா? எழுதிக்கோம்மா என் பேரை. வக்கீல்னும் போடு."

அவருக்குப் பின்னால் மற்றவர்கள். எங்கள் மாடிப்படியில் வரிசை நின்றது. ஓட்டுச் சாவடியில் நிற்க மறுத்தவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். ஓட்டுப் போனபோது வராத ரோஷம் ஒயர் போனதும் வருகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று வாயை மூடிக்கொண்டு எழுதினேன். என் வீட்டுக்காரர்கூட வந்து, தனக்கும் ஓட்டு இருந்தது என்று ஞாபகப்படுத்தினார்.

பாட்டு டீச்சர் கடைசியாக வந்தார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"நேக்கு டீவியே கிடையாது, தெரியுமோன்னோ. மேட்ச் போனா என்ன, வந்தா என்ன. பேரைப் போட்டுக்கோ. பிள்ளையாத்துல கேட்டா, தன் ஓட்டைக் கேக்கத் தெரிஞ்சவ பொண்ணுன்னு சொல்லிக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆசிரியர் மேஜையில் பெயர்களை வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். பாத்திரக்கடைக்காரர் மனைவியின் பெயரில் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். அதோடு விடவில்லை. சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்துக்கு என்னோடு தானே வந்தார். கூவம் நாற்றமும் மை வாசனையும் கலந்த அந்தச் சந்தில் அச்சகக்காரர் பக்கத்தைப் படித்துவிட்டுத் தயங்கினார். அடித்துத் தருகிறேன், ஆனால் அச்சகத்தின் பெயர் மட்டும் அடியில் வேண்டாம் என்றார். எங்கே அச்சடித்தது என்று போடாமல் பத்திரிகை வெளியிடக் கூடாது, அது சட்டம். ஆசிரியர் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவார் என்று நினைத்தேன்.

"இத்தனை பேர் பேர் குடுத்துட்டாங்க. நீங்களும் நானும்தான் பாக்கி" என்றார்.

மிஷின் ஓடியது. சனிக்கிழமை காலை எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் எங்கள் தெரு விழுந்து கிடந்தது. மேலே என் பெயர். கீழே எல்லாப் பெயர்களும், வீட்டு எண்ணோடு. இதை இப்போது எழுதும்போது யார் பெயரையும் நான் போடவில்லை. பயந்து அல்ல. போடவேண்டிய அன்றைக்குப் போட்டாகிவிட்டது.

அதனால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மறுதேர்தல் நடக்கவில்லை. ஓர் அதிகாரியும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. கவரில் போன என் ஓட்டை யாரும் பிரிக்கவில்லை. ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். புடவைக்கடைகள் ஒவ்வொன்றாக, அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம் என்றன. அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. பத்திரிகை மெலிந்து மெலிந்து ஒற்றைத் தாளாயிற்று. கடைசிப் பக்கத்தில் பாத்திரக்கடையின் இட்லி குக்கர் விளம்பரம் மட்டும் விடாமல் வந்தது, கீழ்வீட்டுக்காரி கணவரோடு எத்தனை சண்டை போட்டு அது வந்ததோ. கேபிள்காரர் தடித்த ஒயரை இரண்டு நாளில் ஒட்டிவிட்டார். ஒரு வரிசை வீட்டுப் பணத்தை அவரால் விட முடியுமா? எங்கள் வீட்டுக்கு மட்டும் இணைப்புத் தரவில்லை. என் வீட்டுக்காரர் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தபடி மேட்ச் கேட்டார்.

மாதங்கள் கழித்து வெளிநாட்டு அறிக்கை தபாலில் வந்தது. தடிமனான புத்தகம். சென்னையின் சில இடங்களில் முறைகேடு நடந்ததாகத் தெரியவருகிறது, கவலை அளிக்கிறது என்கிற அளவில் ஒரு வரி. தேடித்தான் கண்டுபிடித்தேன். தப்புச் சொல்லவில்லை. உலகம் நமக்காகக் கவலைப்படுவது நல்லதுதான். ஆனால் கவலைப்படுகிறவர் வந்து நம் ஓட்டைப் போட முடியாது.

அந்தக் காலத்தில் டெல்லியில் ஆட்சி நிற்குமா கவிழுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. சீக்கிரமே அடுத்த தேர்தல் வந்துவிட்டது. அன்று எங்கள் தெருவில் காலையில் அடுப்பே மூட்டவில்லை. பள்ளிக்கூடக் கதவு திறப்பதற்கு முன்பே வெளியே நின்றோம். வக்கீல் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். பாட்டு டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. பாத்திரக்கடைக்காரரும் வந்திருந்தார், மனைவிக்குப் பின்னால். வரிசை வளைந்து கோயில் பக்கம் திரும்பியது. வெயில் அப்போதுதான் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் உள்ளே போனது நான். அதிகாரி வேறு ஆள். என் கையில் இப்போது புகைப்பட அட்டை இருந்தது. அதில் இருந்த முகம் நானாகவும் இருக்கலாம், எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பெயரை உரக்கப் படித்தார். பிறகு ஏஜெண்டுகள் பக்கம் திரும்பி, இவர்களை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

அதே பெஞ்சில் அதே கேபிள்காரர். சுவரில் அதே உலகப் படம். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, வாசல் வழியாகத் தெரிந்த வரிசையைப் பார்த்தார். அது எங்கே முடிகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தெரியும் சார்," என்றார். "இந்தத் தெருல எல்லாரயும் தெரியும்."

சீட்டை வாங்கி, முத்திரை குத்தி, நாலாக மடித்து, இந்த முறை பெட்டியில் போட்டேன்.